விண்ணூர்திக்குப் பாகன் வேண்டுமா?

பாடசாலை மாணவர் மன்றங்களிலே தவறாது இடம்பெறும் விவாதப் பொருள்களுள் ஒன்று, "விண்வெளிப் பயணம் மனித குலத்துக்கு நன்மை தருவதே" என்பதாகும். ஒரு கட்சியார் ககாரினையும் ஆம்ஸ்றோங்கையும் புகழ்ந்து எழுவர். எதிர்க்கட்சியார் பசித்த வயிற்றைக் காட்டி எழுவர். இரு திறத்தாரும் அவையோரின் கைதட்டலைப் பெற்று அமர்வர். ஈற்றில் நடுவர், இருவர் கூற்றும் உண்மையே எனச் சமாதானங் கூறி, உச்சரிப்புக்கும் குரல் வளத்துக்கும் புள்ளி வழங்கித் தீர்ப்பை முடிப்பார். இவ்விவாதங்களிலே உண்மை துலங்காமைக்குப் பேசும் பிள்ளைகள் காரணரல்லர். பொருளை வகுத்துக் கொடுப்போரே காரணர். விண்வெளியை ஆராய்தல் ஒன்று. அவ்வாராய்ச்சியின் பொருட்டு மனிதன் தன் உடம்போடு அங்கே போதல் பிறிதொன்று. இரண்டனையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்து நன்றோ தீதோ என்று கேட்டால், விடையும் மூட்டையாகவே வரும்.

தமிழ் கற்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டுக்கள் நான்கு புறநானூற்றிலே அடுத்தடுத்து உள்ளன. அவற்றுள் முதலாவதாகிய 27ஆம் பாட்டு, புலவராற் பாடப்பெறும் புகழுடையோர் தம் நல்வினையை முடித்தபின் ஏறிச் செல்லும் விண்ணூர்தியைக் கூறும். அவ்வூர்தியைச் செலுத்தும் பாகன் ஒருவனும் இலன். ஈற்றிலுள்ள 30ஆம் பாட்டு, ஞாயிற்றின் வழியையும் காற்றுச் செல்லும் திசையையும் வானத்தின் இயல்பையும் தாமே நேரிற் போய் அளந்து வந்தவர் போல உரைக்க வல்ல அறிஞரைக் கூறும். முன்னதைக் காட்டி, ஆளில்லா விமானத்தைப் பண்டைத் தமிழர் கண்டிருந்தனர் என்று மேடைகளில் முழங்குவார் உளர். அது நூலுக்கும் நீதியன்று, விஞ்ஞானத்துக்கும் நீதியன்று. புலவர் சொன்னது துறக்கத்துக்குச் செல்லும் ஊர்தியேயன்றி உலோகத்தாற் சமைத்த ஊர்தியன்று. நம் ஆராய்ச்சிக்கு உதவுவது பின்னதே. போய் வந்தவர் "போல" என்றமையால், அவ்வறிஞர் போகவில்லை என்பது பெறப்படும். இருந்த இடத்திலிருந்தே அளந்தனர். போகாமலே அறிதல் கூடுமாயின், போதல் எதற்கு? வினா இதுவேயாகும்.

இவ்வினாவின் விடையிலொரு பாதி, நம் நாட்டில் வாழ்ந்த ஒருவரின் எழுத்திலேயே கிடக்கின்றது. 1956ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 2008இற் கொழும்பிலே காலமான ஆதர் சி. கிளார்க், 1945 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் "வயர்லெஸ் வேர்ல்ட்" இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால், அவை பூமி சுழலும் வேகத்தோடு ஒத்துச் சுற்றி, உலகம் முழுவதற்கும் வானொலியை அஞ்சல் செய்யும் என்பது அதன் சாரம். அக்கருத்துப் பிற்காலத்திற் பலித்தமையை நாம் அறிவோம். 1964ஆம் ஆண்டு ஏவப்பட்ட சிங்கொம் 3 என்னும் செய்மதி அவ்வுயரத்தில் நின்று, தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டைப் பசிபிக் மாகடலுக்கு அப்பால் அனுப்பியது. ஆனால், பலரும் கவனியாத ஒரு செய்தி அக்கட்டுரையில் உண்டு. அந்நிலையங்களிலே ஆட்கள் குடியிருப்பர் என்றும், அவர்களுக்கு உணவும் மாற்றாளும் றொக்கற்றுக்களில் முறையாகச் செல்லும் என்றும் கிளார்க் எழுதினார். அக்காலத்து வானொலிப் பொறிகள் கண்ணாடி வால்வுகளால் இயங்கியவை. வால்வு அடிக்கடி பழுதாகும். பழுதானால் மாற்றுதற்கு ஒரு கை வேண்டும். 1947 டிசம்பரில் அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்ரர் பிறந்தது. வால்வு போயிற்று, வால்வை மாற்றும் ஆளும் அதனோடு போயினான். தொலைநோக்கில் அவரை விஞ்சியவர் சிலரே. அவரும் ஆள் வேண்டும் என்று எண்ணிய இடம், ஆள் வேண்டா இடமாயிற்று.

ஆள் வேண்டா இடத்துக்கு ஆளை ஏற்றினால் வருவது யாது என்பதை 1986ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் கடைசி நாட்கள் காட்டின.

1977 ஓகஸ்டிற் புறப்பட்ட வொயேஜர் 2 என்னும் ஆளில்லாக் கலம், வியாழனையும் சனியையும் கடந்து, அம்மாதம் 24ஆந் திகதி யுறேனசுக் கோளை அணுகிற்று. அங்கிருந்து அது விடுத்த செய்தி, ஒளியின் வேகத்திலே வந்தும் பூமியைச் சேர ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்கு முன் எவரும் அறியாத பத்துத் துணைக்கோள்களை அது காட்டிற்று. மிராண்டா என்னும் சிறிய துணைக்கோளின் முகத்திலே பல கிலோமீற்றர் உயரமான செங்குத்துப் பாறைகள் தோன்றின. இன்றளவும் யுறேனசின் அருகே சென்ற கலம் அஃதொன்றே. அதனுள் ஒருவரும் இல்லை. இருந்திருப்பின், எட்டரை ஆண்டு அவருக்குச் சோறும் காற்றும் சுமத்தலே அக்கலத்தின் தொழிலாயிருக்கும்.

நான்கு நாள் கழிந்தன. ஜனவரி 28ஆந் திகதி முற்பகல், அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலிருந்து எழுந்த சலஞ்சர் விண்ணோடம் 73ஆவது செக்கனிற் சிதறிற்று. எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர் ஆசிரியர். கிறிஸ்ரா மக்கோலிவ் என்னும் அவ்வம்மையார் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்திலே கொன்கோட் நகர உயர்நிலைப் பள்ளியிற் சமூகக் கல்வி கற்பித்தவர். விண்வெளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்புவது என்று அந்நாட்டு அரசு அறிவித்தபோது, விண்ணப்பித்தோர் 11,000க்கு மேற்பட்டோர். அவருள் தெரிந்தெடுக்கப்பட்டவர் இவர். மேலே நின்று இரண்டு பாடங்கள் நடத்துதற்கு ஆயத்தஞ் செய்திருந்தார். முதலாவது, விண்ணோடத்தின் உள்ளே எப்படி வாழ்கின்றனர் என்பதைக் காட்டுவது. இரண்டாவது, நாம் இதுவரை எங்கே போனோம், இனி எங்கே போகின்றோம், ஏன் போகின்றோம் என்பது பற்றியது. அந்த "ஏன்" என்னும் வினாவுக்கு அவர் விடை சொல்லக் கேட்கும் பேறு மாணவர்க்குக் கிட்டவில்லை. பல பள்ளிகளிலே பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பார்த்திருக்கவே அது நிகழ்ந்தது.

காரணம் வலப்பக்கத்துத் திண்ம எரிபொருள் றொக்கற்றின் மூட்டிலே வைத்த இறப்பர் வளையம். முதல் நாளிரவு புளோரிடாவில் வழக்கமில்லாக் குளிர். ஏவுதளத்திற் பனிக்கட்டி தொங்கிற்று. குளிரில் அவ்வளையம் இறுகி மூட்டை அடையாது என்று, றொக்கற்றைச் செய்த கம்பனியின் பொறியியலாளர் அவ்விரவே எச்சரித்தனர், ஏவவேண்டா என்றனர். அவர் சொல் மேலோரால் மறுக்கப்பட்டது. இறுதி ஆணையிட்டவர்களுக்கு அவ்வெச்சரிக்கை எழுத்தில் இருந்ததே தெரியாதென்று பின்னர் விசாரணைக் குழு கண்டது. ஆணையிட்டவர்க்கே எட்டாத செய்தி, ஏறி அமர்ந்த ஆசிரியைக்கு எங்ஙனம் எட்டும்? அக்குழுவில் இருந்த பௌதிக அறிஞர் றிச்சட் பெயின்மன், அவ்வளையத்தின் ஒரு துண்டைக் குறட்டாற் கவ்வி, பனிக்கட்டி இட்ட நீர்க் கோப்பையில் அமிழ்த்தி, வெளியே எடுத்துக் காட்டினார். அழுத்தம் நீங்கியும் அது தன் பழைய வடிவுக்கு உடனே மீளவில்லை. விஞ்ஞானம் கற்பிப்போர் எவரும் தம் வகுப்பிற் செய்து காட்டத்தக்க சோதனை அது.

வளையத்தைப் பற்றி எல்லாரும் பேசுவர். சுமையைப் பற்றிப் பேசுவார் குறைவு. அன்று சலஞ்சர் சுமந்து சென்ற முதன்மையான பொருள், செய்திகளை அஞ்சல் செய்யும் ஒரு செய்மதி. கிளார்க் கனவு கண்ட அவ்வுயரத்துக்கே செல்லவேண்டியது அது, ஆளின்றி இயங்குவது, ஆளில்லா றொக்கற்றே ஏற்றியிருக்கத்தக்கது. அவ்வினத்துச் செய்மதிகள் 2000ஆம் ஆண்டு முதலாக ஆளில்லா றொக்கற்றுக்களிலேயே ஏற்றப்பட்டன. 1986 ஓகஸ்டில் ஜனாதிபதி றேகன், வணிகச் செய்மதிகளை இனி விண்ணோடங்கள் சுமவா என்று அறிவித்தார். ஏழு உயிரைக் கொடுத்து அவர்கள் கற்றது, வால்வு மறைந்த நாளிலேயே கற்றிருக்கக் கூடியது. சுமை வண்டிக்கு ஏழு பேர் வேண்டியதில்லை. அம்மையாரின் துணிவை நான் குறை கூறேன். ஓர் ஆசிரியை விண்ணேற விரும்பியது இயல்பே. அவ்வூர்தியைப் பேருந்து போல வழமையானது என ஊரறியக் கூறியவர் மீதே என் குற்றச்சாட்டு. அவருக்கு மாற்றாளாக நின்ற பாபரா மோகன் என்னும் ஆசிரியை 21 ஆண்டு காத்திருந்து 2007இல் விண்ணேறினார். மக்கோலிவ் செய்துகாட்ட எண்ணியிருந்த பாடங்களிற் சிலவற்றை, முன்னர் ஆசிரியராயிருந்த விண்வெளி வீரர் இருவர் 2018இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து நடத்தினர்.

இதுவரை சொன்னவற்றால், ஆளை அனுப்புதலே வீண் என்று நான் முடிவு கட்டியதாக வாசகர் கருதலாகாது. விடையின் மறு பாதி சந்திரனிற் கிடக்கின்றது.

1969 ஜூலை 20இல் அப்பலோ 11இன் இறங்கு கலம் தானே இயங்கிச் சென்ற வழி, பாறைகள் நிறைந்த ஒரு பெரும் பள்ளத்தை நோக்கியதாயிருந்தது. ஆம்ஸ்றோங் கலத்தைத் தம் கையில் எடுத்து, அப்பாற் செலுத்தி, சமநிலத்தில் இறக்கினார். மறுநாள், சந்திர மண்ணை அள்ளி வருமாறு சோவியத் நாட்டார் அனுப்பிய லூனா 15 என்னும் ஆளில்லாக் கலம் சந்திரனில் மோதி அழிந்தது. பாகன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்று அக்காலத்தார் கேட்டிருப்பர். ஆயினும் இச்சான்று நிலைக்கவில்லை. 2013இற் சீனரின் சாங்-ஏ 3 நூறு மீற்றர் உயரத்தில் நின்று, கீழே பள்ளமும் பாறையும் பார்த்து, தானே இடந் தெரிந்து இறங்கிற்று. பாகனுடைய தொழிலைப் பொறி கற்றுக்கொண்டது. ஆதலின், ஊர்தியைச் செலுத்துதற்கு ஆள் என்னும் வாதம் தளர்ந்தது. எஞ்சி நிற்கும் வாதம் வேறு: இறங்கிய இடத்தைப் படித்தறிதற்கு ஆள்.

சோவியத் நாட்டின் லூனா கலங்கள் மூன்று, 1970க்கும் 1976க்கும் இடையில் ஆளின்றிப் போய்ச் சந்திர மண்ணைக் கொணர்ந்தன. மூன்றும் சேர்த்துக் கொணர்ந்தது ஏறத்தாழ 326 கிராம். ஒரு றாத்தலுக்கும் குறைவு. அப்பலோவில் ஆறு முறை இறங்கியோர் கொணர்ந்தது 382 கிலோகிராம். எடையை மட்டும் வைத்து வழக்குத் தீர்த்தல் கடைக்காரர் முறை. ஆதலின் கல்லின் தரத்தைக் காண்போம். 1972 டிசம்பரில் அப்பலோ 17இற் சென்ற ஹரிசன் ஷ்மிற் புவிச்சரிதவியல் அறிஞர். ஷோர்ட்டி என்னும் பள்ளத்தின் விளிம்பிலே, சாம்பல் நிறமன்றி வேறு நிறங் காணாத அந்நிலத்தில், தம் சப்பாத்துக் கிளறிய இடத்தில் மண் செம்மஞ்சளாயிருத்தலைக் கண்டார். நேரம் நெருக்கிற்று; காற்றுக்கும் திரும்பும் தூரத்துக்கும் கணக்கு உண்டு. அதற்கிடையே அவரும் துணைவர் யூஜின் சேர்னனும் சிறு குழி அகழ்ந்தனர்; நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என நோக்கினர்; குழாயை அறைந்து ஆழத்து மண்ணையும் எடுத்தனர். அம்மண் நுண்ணிய கண்ணாடி மணிகளாலானது. ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன் சந்திரனின் உள்ளிருந்து தீயூற்றாய்ப் பீறிட்டுக் குளிர்ந்தது. 2011இல் அம்மணிகளுள் நீரின் சுவட்டை அளந்தறிந்தனர். சந்திரனின் உள் முழுதும் வறண்டது என்ற பழைய கொள்கை அசைந்தது. அங்கே நின்றது பொறியாயின், பத்து அடி அப்பால் அள்ளியிருப்பினும் அள்ளியிருக்கும்.

அம்மூன்று நாளில் அவ்விருவரும் தம் வண்டியிற் சென்ற தூரம் 35 கிலோமீற்றருக்கு மேல். செவ்வாயில் ஒப்பர்ச்சூனிற்றி என்னும் ஆளில்லா வண்டி 2004 முதல் 2018 வரை ஊர்ந்த தூரம் 45 கிலோமீற்றர். தொண்ணூறு நாளுக்கென அனுப்பப்பட்ட அவ்வண்டி பதினான்கு ஆண்டு உழைத்தது என்பதையும், அதன் பொருட்டு எவரும் உயிர் துறக்கவில்லை என்பதையும் மறவாது சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

இங்கே ஒரு வருத்தமான கணக்கு உண்டு. சந்திரனிற் கால் வைத்தோர் பன்னிருவர். அவருள் விஞ்ஞானியாகப் பயின்று போனவர் ஷ்மிற் ஒருவரே. அவரும் கடைசிப் பயணத்திலே சென்றவர். ஏனையோர் விமானிகள். அவர்களுக்கும் கல் பார்க்கப் பயிற்சி அளித்திருந்தனர் என்பதும், அப்பலோ 15இற் சென்றோர் மிகப் பழைய சந்திரப் பாறையொன்றை இனங் கண்டு எடுத்தனர் என்பதும் மெய். எனினும், கொடி நாட்டும் போட்டியில் எழுந்த பயணமாதலின், ஓட்டுநர் முன்னும் படிப்பறிந்தவர் பின்னுமாக வரிசை அமைந்தது. படிப்பறிந்தவரின் முறை வந்ததும் பயணமே முடிந்தது. அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சந்திரனில் எவரும் நடக்கவில்லை.

கைக்கும் கண்ணுக்கும் வேலை இருந்த மற்றோரிடம் ஹபிள் தொலைநோக்கி. 1990இல் ஏவிய பின்னரே அதன் பெரிய ஆடியின் விளிம்பு மயிரிழையின் ஐம்பதிலொரு பங்களவு பிழையாகத் தேய்க்கப்பட்டமை தெரிந்தது. 1993இற் சென்றோர் திருத்தினர். 2003 பெப்ரவரியிற் கொலம்பியா விண்ணோடம் எழுவரோடு அழிந்தபின், இனி ஹபிளுக்கு ஆள் போதல் வேண்டாவென 2004இல் முடிவு செய்தனர்; வானியலார் முறையிட, 2006இல் அம்முடிவு மாறிற்று; 2009இல் ஐந்தாம் முறை சென்றனர். அப்பொழுது ஓர் ஆணி கழல மறுக்கவே, மைக்கல் மசிமினோ என்னும் வீரர் அது பிணித்த கைப்பிடியைத் தம் கைவலியாற் பறித்தெடுத்து உள்ளிருந்த கருவியைத் திருத்தினார். எழுவர் மாண்டதை அறிந்தும் அவர் சென்றார். எதற்குச் செல்கின்றோம் என்பதையும் அறிந்து சென்றார். ஆனால் 2021இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ 15 இலட்சம் கிலோமீற்றர் அப்பால், எவர் கையும் எட்டாவிடத்தில், தானே விரிந்து நின்று தொழில் செய்யத் தொடங்கிற்று.

பசித்தோர் வாதத்தை இனிக் காண்போம். அது வலிய வாதம். சொல்வோர் பெரும்பாலும் கவனமின்றிச் சொல்கின்றனர் என்பதே குறை. 1969 ஜூலை 15ஆந் திகதி, அப்பலோ 11 எழுதற்கு முன்னாள், றால்ப் அபர்நாதி என்னும் கறுப்பின மக்கள் தலைவர் ஏழைக் குடும்பங்களோடு கோவேறு கழுதை பூட்டிய வண்டியுடன் ஏவுதளத்தை நோக்கி வந்தார். விண்வெளி நிறுவனத் தலைவர் தோமஸ் பெயின் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். நாளை பொத்தானை அழுத்தாது விடுவதால் வறுமை தீருமாயின், அழுத்தாமலே விடுவோம் என்ற பொருளில் விடை கூறினார். விடை நயமானது, முழுமையானதன்று. அப்பலோவுக்கு ஆன செலவு ஏறத்தாழ 2,500 கோடி டொலர். 1966இல் அந்நாட்டு மத்திய அரசின் செலவில் நூற்றுக்கு 4.4 வீதம் வரை விண்வெளிக்குப் போயிற்று. இவ்வளவு பொருளைக் கொடியின் பெயரால் திரட்டத் தெரிந்த அரசு, உணவின் பெயரால் ஏன் திரட்டவில்லை என்பதே அபர்நாதியின் வினா. அதற்குப் பெயினிடம் விடை இல்லை. அவ்வினா அவர் மேசைக்கு உரியதுமன்று. மறுபுறம், 1970இல் மூன்று சந்திரப் பயணங்களை நிறுத்தினர். அதனால் மிஞ்சியது எந்த ஏழையின் உலைக்கு அரிசியாயிற்று? பயணம் நின்றது, படிப்பறிந்தோர் போகும் முறைதான் குறைந்தது. அப்பயணங்களுக்கென ஆக்கிய பெரிய றொக்கற்றுப் பாகங்கள் காட்சிச்சாலையிற் கிடக்கின்றன.

இப்பொழுது பேச்செல்லாம் செவ்வாய் பற்றியது. பூமி கெட்டால் அங்கே குடியேறலாம் என்பார் கூற்றை நான் பொருட்படுத்துவதில்லை. உள்ள வீட்டின் கூரையை மேயாதவன் மூச்சுக்குக் காற்றில்லா நிலத்தில் மனை வாங்குதல் போல்வது அது. படிப்பறிதற்குப் போதல் என்பதே கேட்கத்தக்கது. அங்குள்ள வண்டிக்கு இங்கிருந்து ஒரு சொல் போய்ச் சேர, கோள்களின் தூரத்துக்கு ஏற்ப மூன்று முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை செல்லும். விடை வர மீண்டும் அவ்வளவு. ஷ்மிற் தம் காலடியிற் கண்டு முடித்த செயல், இம்முறையில் நாட்கணக்கிற் செல்லும். அதே வேளை, போக மட்டும் ஆறு மாதத்துக்கு மேலாகும் வழியில், எலும்பு தேய்வதும் கதிர்வீச்சுத் தாக்குவதும் பொறிக்கில்லை, உடம்புக்கு உண்டு. ஆகவே விரைந்து ஓடவேண்டும் என்று நான் சொல்லேன். போகும் நாளில், முதலில் இறங்குவோர் கல்லைப் படிக்கத் தெரிந்தோராயிருத்தல் வேண்டும். கொடி பின்னர் வரலாம்.

2021 பெப்ரவரியிற் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் என்னும் ஆளில்லா வண்டி, ஜெசெறோ என்னும் பெரும் பள்ளத்திலே, பழைய ஆறொன்று வந்து கலந்த இடத்தில், பாறைகளைத் துளைத்துச் சிறு குழாய்களில் அடைத்தது. எல்லாக் குழாய்களிலும் உள்ளது சேர்ந்தாலும் அரைக் கிலோவளவே. அதனைப் பூமிக்கு எடுத்து வருதற்கு 1,100 கோடி டொலர் வரை செல்லும், 2040க்கு முன் வந்து சேராது என்று 2024இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமே சொல்லி, முன் வகுத்த முறையை விட்டு வேறு வழி தேடலாயிற்று. அன்றைய டொலரும் இன்றைய டொலரும் ஒன்றல்ல. அப்பலோவின் கணக்கோடு இதனை நேர் நிறுத்துதல் தகாது. மனிதரை அங்கே அனுப்புதற்கு ஆகும் செலவு இதனினும் எத்தனையோ மடங்கு. அக்குழாய்களிற் பத்தை, ஓரிடத்தில் தட்டையான நிலம் பார்த்து, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அவ்வண்டி கீழே வைத்தது. 2023 ஜனவரி இறுதியில் பத்தாவதும் வைத்தாயிற்று. அவற்றை எடுப்பதற்கு இன்னும் ஒருவரும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை.